தடையா, வரம்பா: ஹெம்ப் போதைப் பண்டங்களும் இரு மாநிலங்களும்

கஞ்சாவில் போதை தரும் முதன்மைச் சேர்மமான டெல்டா-9 டிஎச்சி, உலர் எடையில் 0.3 சதவீதத்தைத் தாண்டாத கஞ்சாச் செடியை ‘ஹெம்ப்’ என்று வகுத்து அனுமதித்த 2018ஆம் ஆண்டின் அமெரிக்க வேளாண் சட்டம், 5 கிராம் மிட்டாயில் அதே விகிதம் 15 மில்லிகிராம் போதைப்பொருளாகிவிடும் என்பதைக் கருதவில்லை.

இந்த ஓட்டையை அடைக்க, மினசோட்டா 2022 ஜூலை முதல் 21 வயது நிரம்பியோருக்கு மட்டும், ஒரு வேளைக்கு 5, ஒரு பொதிக்கு 50 மில்லிகிராம் டிஎச்சி என்ற வரம்புடன் ஹெம்ப் உணவு, பான விற்பனையை அனுமதித்தது. தொடக்கத்தில் விற்பனையாளருக்கு உரிமம் கட்டாயமாக்கப்படாதது பெருங்குறையே. கலிபோர்னியாவோ 2024 செப்டம்பரில் அவசர விதி மூலம், கண்டறியத்தக்க டிஎச்சி கொண்ட ஹெம்ப் உணவையும் பானத்தையும் முற்றிலும் தடைசெய்தது.

மருத்துவத் தேவையின்றியும் வயது வந்தோருக்கு விற்கும், உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகள் முன்பே இயங்கிய கலிபோர்னியாவுக்குத் தடை பொருந்தலாம். அத்தகைய கடைகள் அன்று இல்லாத மினசோட்டாவுக்கு வரம்பே, குறைகளுடனும், பொறுப்பான தேர்வு என்பது என் கருத்து.