கிணறு உள்ள வீட்டின் கழிப்பறைக்கு எது: இரட்டைக் குழியா, செப்டிக் டேங்க்கா?

செப்டிக் டேங்க் கட்டிவிட்டால் கிணற்றுக்குப் பயமில்லை என்று நினைப்பவர்கள் அதிகம். கசடுதான் தொட்டியின் அடியில் படியும்; வெளியேறும் நீரில் கிருமிகள் ஏராளமாக இருக்கும். அந்த நீரை மண்ணுக்குள் இறக்கத் தனியாக உறிஞ்சுகுழி வேண்டும். பல வீடுகளில் அடியில் காங்கிரீட் போடாமல் உறை இறக்கிவிட்டு அதையே செப்டிக் டேங்க் என்கிறார்கள். கழிவு அள்ளும் லாரியே கூப்பிட்டதில்லை என்று பெருமை வேறு! மூடியைத் திறந்து பாருங்கள். நீர்மட்டம் வெளிக்குழாய்க்குக் கீழே இறங்கி நின்றால் தொட்டி ஒழுகுகிறது.

இரட்டைக் குழி என்பது கழிவுநீரை மண்ணில் ஊறவிடும் இரண்டு குழிகள்; ஒன்று நிறைந்ததும் மற்றதற்குத் திருப்பிவிடுவோம். மூடிய குழி இரண்டு ஆண்டு கிடந்தால் எருவாகிவிடும், செலவும் குறைவு. ஆனால் மண் ஒத்துழைக்க வேண்டும். குழியின் அடி, மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கு 2 மீட்டராவது மேலே இருக்கட்டும். கிணறு 10 மீட்டருக்கு அப்பால் இருப்பதே நல்லது. பருமணல் பூமியானால் குழியின் அடியை அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் தடிமனுக்கு நுண்மணல் நிரப்ப வேண்டும்.

பாறைப் பிளவுள்ள இடத்தில் எந்தக் குழியும் வேண்டாம். பிளவில் கழிவுநீர் வடிகட்டப்படாமலே ஓடும். அங்கே முழுக்கப் பூசிய தொட்டியும் லாரியும்தான். கழிவுநீரால் வரும் நைட்ரேட் உப்பு கிணற்றில் ஏறிவிட்டால் கொதிக்க வைத்தும் போகாது.