எல்என்கேப் செல்களோடு ஆறு ஆண்டுகள்

லேபில் சேர்ந்த வாரமே சீனியர் அக்கா சொன்னார்: "தம்பி, எல்என்கேப் செல்ல ஃபிளாஸ்க்ல போட்டுட்டு ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கமே போகாத." எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலையிலேயே எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, செல்கள் வளரும் சத்துநீரான மீடியாவையும் மாற்றினேன். பழைய மீடியாவோடு, இன்னும் சரியாக ஒட்டாத பாதிச் செல்கள் கழிவு பாட்டிலுக்குப் போய்விட்டன. புதிதாக வருகிற பிள்ளைகள் இன்றும் இதையேதான் செய்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

எல்என்கேப் மனிதப் புரோஸ்டேட் புற்றுநோய்ச் செல் லைன், அதாவது லேபில் தொடர்ந்து பெருக்கி வளர்க்கும் செல் வரிசை. 1977இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில், 50 வயது நோயாளி ஒருவரின் இடது காறை எலும்புக்கு மேலே, புற்று பரவியிருந்த நிணநீர் முடிச்சில் ஊசி போட்டு எடுத்த திசுவிலிருந்து வளர்த்தது. இதே புற்றுநோயின் வேறு இரண்டு லைன்களில், பிசி-3 எலும்புக்குப் பரவிய கட்டியிலிருந்தும், டியூ-145 மூளைக்குப் பரவிய கட்டியிலிருந்தும் வந்தவை. மூன்றையும் வளர்த்திருக்கிறேன். சுலபமானது பிசி-3தான், கெட்டியாக ஒட்டும், மளமளவென்று பெருகும். ஆனால் ஆண் ஹார்மோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான், புரோஸ்டேட் செல்கள் சுரக்கும் பிஎஸ்ஏ புரதத்தையும் சுரக்காது. எல்என்கேப் ஹார்மோனுக்கு இசையும், பிஎஸ்ஏவும் சுரக்கும். இந்த இரண்டுக்காகத்தான் அதை வளர்க்கிறோம். ஹார்மோன் பற்றிய கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, நேரம் மிச்சமாகும் என்று பிசி-3க்குத் தாவுவது சரியில்லை என்றே சொல்வேன்.

ஆர்பிஎம்ஐ 1640 மீடியா, 10 சதவீதம் எஃப்பிஎஸ் (கன்றுக் கருவின் சீரம்), 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. இதில் புதுமை எதுவும் இல்லை. வித்தியாசம் கைப்பழக்கத்தில்தான். இந்தச் செல்கள் பாய் விரித்தாற்போல் ஒரே சீராகப் பரவாது. நீண்ட கைகளை நீட்டிக்கொண்டு, அங்கங்கே கொத்துக் கொத்தாக நிற்கும். ஃபிளாஸ்க் நிறையட்டும் என்று காத்திருந்தால், பால் ஆடை உரிவதுபோல் ஓரத்திலிருந்து மொத்தமாகக் கழன்று வரும். முக்கால் பங்கு நிறைவதற்குள்ளேயே பிரித்துப் புதிய ஃபிளாஸ்க்குகளுக்கு மாற்றிவிடுவேன். இப்படி ஒருமுறை மாற்றுவதுதான் ஒரு பாசேஜ். மீடியாவும் சீக்கிரம் புளித்து மஞ்சளாகும். அதைப் பார்த்துப் பதறி முழுவதையும் மாற்ற வேண்டாம். பாதியை மெதுவாக எடுத்து, எதிர்ச் சுவரில் வழியவிட்டுப் புதியதை ஊற்றினால் போதும். கழுவல் அதிகமுள்ள சோதனைகளுக்கு, செல்கள் ஒட்ட உதவும் பாலிலைசின் பூசிய பிளேட் எடுத்துக்கொள்ளுங்கள். என் கையில் இரட்டிப்பாக இரண்டு நாளுக்கு மேலாகிறது. அதை அவசரப்படுத்த வழியே இல்லை.

இத்தனை சிரமத்துக்கும் பலன் கிடைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கரித்தூளால் ஹார்மோனை நீக்கிய சீரத்தில் செல்களை வைத்தேன். மூன்றாம் நாள் உடல் சுருங்கி, கைகள் நூலாக நீண்டு, நரம்புச் செல் சாயலில் நின்றன. பிளேட்டின் பாதிக் குழிகளில் டிஎச்டி என்ற ஆண் ஹார்மோனைச் சேர்த்து, பிறகு மீடியாவில் பிஎஸ்ஏ எவ்வளவு என்று எலைசா என்ற நிறச் சோதனை செய்தேன். ஹார்மோன் இல்லாத வரிசை வெளிறிக் கிடந்தது. டிஎச்டி சேர்த்த வரிசை அடர் மஞ்சள். பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ஆண் ஹார்மோனைப் பிடிக்கும் புரதமான ஆண்ட்ரோஜன் ஏற்பியில், எல்என்கேப்பில் மட்டும் 877ஆம் இடத்தில் திரியோனைன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் அலனின் உட்கார்ந்திருக்கிறது. அதனால், ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மருந்தான ஃப்ளூட்டமைடு உடலில் மாறி உருவாகும் ஹைட்ராக்ஸி ஃப்ளூட்டமைடு, தடுக்க வேண்டிய ஏற்பியைத் தூண்டிவிடுகிறது. அதே வகை மருந்தான பைகலூட்டமைடு அப்படிச் செய்வதில்லை. இது தெரியாமல் மருந்துச் சோதனை செய்தால் தலைகீழான முடிவுதான் வரும். ஃப்ளூட்டமைடை நிறுத்தியதும் பிஎஸ்ஏ இறங்கும் நோயாளிகள் உண்டு. சிலரின் கட்டியில் இதே மாற்றம் இருந்திருக்கிறது. ஆகவே இதைக் குறை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

சாதாரணப் புரோஸ்டேட் செல் வேண்டுமென்றால் கணக்கே வேறு. திசுவிலிருந்து நேராக எடுத்தவை சீரம் இல்லாத மீடியாவில்தான் நன்றாக வளரும், சில பாசேஜிலேயே முதுமை தட்டி நின்றுவிடும். ஆர்டபிள்யூபிஇ-1 என்ற சாதாரணப் புரோஸ்டேட் செல் லைன் நிற்காது, காரணம், அதற்குள் மனித பாப்பிலோமா வைரஸ் 18 செலுத்தியிருக்கிறார்கள்.

இரண்டாம் ஆண்டில் எனக்கு மூன்று மாதம் வீணாயிற்று. தெரிந்த ஒரு லேபிலிருந்து வாங்கிய எல்என்கேப், ஹார்மோன் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒரே மாதிரி வளர்ந்தது. என் டிஎச்டிதான் கெட்டுவிட்டது என்று புதிதாகக் கரைத்தேன், சீரத்தை மாற்றினேன். பாசேஜ் எண்ணை விசாரித்தபோது 80ஐத் தாண்டியிருந்தது. அந்த அளவுக்கு ஓடிய எல்என்கேப் ஹார்மோனை அவ்வளவாக எதிர்பார்க்காது என்பது முன்பே பதிவான செய்தி. பிசிஆர் செய்ததில் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவும் இருந்தது. மீடியா கலங்காது, கண்ணுக்கும் தெரியாது. செல் சுவரே இல்லாத கிருமி என்பதால் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. உறைய வைத்திருந்தது உட்பட எல்லாவற்றையும் நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் போட்டேன்.

செல் எந்த லைன் என்று டிஎன்ஏவை வைத்து அடையாளம் காணும் எஸ்டிஆர் சோதனையும் அவசியம். டிஎஸ்யூ-பிஆர்1 என்ற லைனைப் புரோஸ்டேட் என்று நம்பிப் பலர் ஆய்வு செய்தார்கள். கடைசியில் அது டி24 என்ற சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல் என்று தெரிந்தது.

இப்போது நம்பகமான சேமிப்பு வங்கியிலிருந்து மட்டும் வாங்குகிறேன். வந்ததும் தனி இன்குபேட்டரில் வைத்து மைக்கோபிளாஸ்மா பார்ப்பேன். முதல் பெருக்கத்திலேயே பத்து சிறு குப்பிகள், உறையும்போது செல்களைக் காக்கும் டிஎம்எஸ்ஓ 10 சதவீதம் கலந்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிரவைத்து திரவ நைட்ரஜனுக்குப் போகும். 40 பாசேஜ் ஆனதும் அந்த ஃபிளாஸ்க்கை முடித்துவிட்டுப் புதிய குப்பியை எடுப்பேன். பாசேஜ் எண்ணும் தேதியும் எழுதாத ஃபிளாஸ்க் எங்கள் இன்குபேட்டருக்குள் போவதில்லை.