கிறிப் அறிக்கை: அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நம்மவர்களுக்கு உதவுமா?

மட்டக்களப்பில் "கிறிப்ல பேர் விழுந்திட்டு" என்றால் இனி ஒரு வங்கியும் கடன் தராது என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை. கிறிப் என்பது 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். அது கறுப்புப் பட்டியல் வைத்திருப்பதில்லை. வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் அனுப்பும் கணக்கைச் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். தவணை தவறாமல் கட்டுபவரின் பெயரும் அங்கே இருக்கும். அந்தக் கணக்கை நாமே எடுத்துப் பார்க்கும் சேவையை, ஊரிலிருந்து போய் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, பாதுகாப்பு அனுமதி (அரசின் இரகசியத் தகவலைப் பார்க்கத் தரும் அனுமதி) கேட்கும் வேலைக்கு விண்ணப்பிப்பவரின் தேவையை வைத்து இங்கே பார்க்கிறோம்.

அந்த அனுமதிக்கு நிரப்பும் எஸ்.எவ். 86 படிவத்தில் 26 ஆவது பகுதி முழுக்கப் பணவிஷயம். கடந்த 7 ஆண்டுகளில் ஏதாவது கடன் 120 நாளுக்கு மேல் நிலுவையில் கிடந்ததா, இப்போது கிடக்கிறதா என்று கேட்கிறது. தனியே எடுத்த கடனோடு, சேர்ந்து கையெழுத்திட்டதும் பிணை நின்றதும் அடங்கும். நம்மவர்கள் தடுக்கி விழுவது இந்தப் பிணையில்தான். ஆசிரியராகவோ லிகிதராகவோ இருந்த காலத்தில் கூட வேலை செய்தவருக்கும், மச்சானின் ஓட்டோ லீசிங்குக்கும் பிணைக் கையெழுத்து வைத்துவிட்டு விமானம் ஏறியிருப்பார்கள். கடன் எடுத்தவர் கட்டாமல் விட்டால் அந்தச் சுமை பிணைகாரரின் பெயரிலும் நிற்கும். கடிதம் களுவாஞ்சிக்குடியில் உள்ள பழைய விலாசத்துக்கு வரும். அங்கே வாங்க ஆள் இருக்காது. அமெரிக்காவில் கடன் கணக்கைச் சேர்த்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்று நிறுவனங்களின் அறிக்கையையும் இலவசமாக எடுக்கலாம். ஆனால் இலங்கைக் கடன் அவற்றில் வராது. கிறிப் அறிக்கையில் பிணை நின்ற கடன்களும் தனியே காட்டப்படுவதால், இந்த ஒரு காரணத்துக்காகவே அதற்குக் கட்டும் காசு தகும்.

எடுப்பதற்காகக் கொழும்புக்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை. பணியகத்தின் இணையத்தளத்தில் மைரிப்போர்ட் சேவை இருக்கிறது. சிக்கல் வருவது அடையாள அட்டை இலக்கத்தில். பழைய 9 இலக்கமும் வீ எழுத்தும் கொண்ட அட்டையில் கடன் எடுத்தவர், இப்போது 12 இலக்க அட்டை வைத்திருந்தால் இரண்டு இலக்கங்களையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றும் முறை எளிது: முன்னால் 19, பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0, வீ போய்விடும். 851234567வீ என்பது 198512304567 ஆகும். பெயரையும் கவனியுங்கள். தகப்பன் பெயர், முதலெழுத்து, ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்றும் வங்கிக்கு வங்கி மாறும்.

குறைகளும் உண்டு. சீட்டுக் காசும் ஊரில் வட்டிக்கு வாங்கியதும் இதில் வராது. படிவமோ "எந்தக் கடனும்" என்று கேட்கிறது. அதனால் அறிக்கை சுத்தமாக இருப்பதை மட்டும் நம்பி "இல்லை" என்று எழுதக் கூடாது. அறிக்கையில் உள்ள மாதவாரியான தவணை வரலாறு, படிவம் கேட்கும் 7 ஆண்டுக்கும் போதாது. பழைய கடனுக்குக் கிளையிலிருந்தே கணக்குக்கூற்று எடுக்க வேண்டும். பிழை இருந்தால் பணியகம் தானாக அழிக்காது, தரவை அனுப்பிய நிறுவனம்தான் திருத்தி அனுப்ப வேண்டும். முழுக்கக் கட்டி முடித்தாலும் பிந்திக் கட்டிய வரலாறு உடனே மறையாது. ஆகவே கட்டி முடித்த கடிதத்தைக் கிளை முத்திரையோடு வாங்கி வையுங்கள்.

அறிக்கையில் நிலுவை தெரிந்தால் பயந்து மறைக்க வேண்டாம். பாதுகாப்பு அனுமதி கொடுப்பதைத் தீர்மானிக்க 2017 ஜூன் 8 முதல் நடைமுறையிலுள்ள அமெரிக்க வழிகாட்டலில் "இத்தனை டொலருக்கு மேல் கடன் இருந்தால் அனுமதி இல்லை" என்று எங்கும் இல்லை. கட்ட முடியாமல் போனதா, கட்ட மனமில்லாமல் விட்டதா என்று பார்க்கிறார்கள். வேலை போனது, நோய், மரணம், விவாகரத்து போன்ற கைமீறிய காரணம் இருந்து, அந்த நேரத்தில் பொறுப்பாக நடந்திருந்தால் அது சாதகம். வங்கியோடு பேசித் தவணை போட்டு, ஒழுங்காகக் கட்டிவரும் பற்றுச்சீட்டுகளும் சாதகம். வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் அது நேர்மை பற்றிய வேறொரு பிரிவில் போய் விழும். கடனை விட அதைச் சரிக்கட்டுவது கடினம்.

படிவத்தில் கை வைப்பதற்குச் சில மாதங்கள் முன்பே அறிக்கையை எடுங்கள். பிணைப் பகுதியை முதலில் திறந்து, கடன் கொடுத்த கிளை, தொடங்கிய திகதி, ரூபாய் மீதி, எத்தனை நாள் நிலுவை என்று ஒவ்வொன்றையும் தாளில் எழுதுங்கள். பிறகு அந்தக் கிளைக்கு எழுதி, பிணையிலிருந்து விடுவிக்க முடியுமா, வேறு ஆளை மாற்றலாமா என்று கேளுங்கள். வங்கி சம்மதிக்காவிட்டாலும் நீங்கள் கேட்ட கடிதத்தின் பிரதியைத் திகதியோடு பத்திரப்படுத்துங்கள். அனுமதிக்கான நேர்காணலில் காட்ட அதுவும் உதவும்.