மூட்டுவலி மாத்திரையுடன் ஏழு ஆண்டுகள்

இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் இருப்பதால், ஏழு ஆண்டுகளாக அசெக்ளோஃபெனாக் 100 மி.கி. மாத்திரையைத் தேவைப்படும்போது பயன்படுத்தி வருகிறேன். வலியைக் குறைப்பதில் இந்த மருந்தின்மீது எனக்குக் குறையே இல்லை; எனக்கு நேர்ந்த பாதிப்பு, அதை நான் பயன்படுத்திய விதத்தால் வந்தது.

மூன்றாம் ஆண்டில் தோள்பட்டைப் பிடிப்புக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வேறொரு மாத்திரையையும் சேர்த்துப் பத்து நாள் சாப்பிட்டேன். பெயரும் அட்டையின் நிறமும் வேறாக இருந்ததால் மருந்தும் வேறு என்றே நினைத்திருந்தேன். பதினோராம் நாள் காலையில் மலம் தார்போலக் கறுத்துப் பிசுபிசுவென்று போனது. எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரைப்பையில் புண் ஏற்பட்டு இரத்தம் கசிவதை எண்டோஸ்கோப்பி காட்டியது. என் மகள் இரண்டு அட்டைகளையும் திருப்பிப் பொடி எழுத்துகளைப் படித்தபோதுதான், இரண்டாவது மாத்திரை டைக்ளோஃபெனாக் என்பதும், இரண்டும் ஒரே வகை மருந்துகள் என்பதும் தெரிந்தன.

வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற உடலின் வேதிப்பொருள்களே இரைப்பையின் உட்சுவரைக் காக்கின்றன. சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைப் பேணுவதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. மருந்து அவற்றின் உற்பத்தியைக் குறைத்துத்தான் வலியைத் தணிக்கிறது. எனவே, சாப்பிட்ட பிறகு போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் நம்பியிருந்தது தவறு. இரத்தத்தில் கலந்த பிறகும் மருந்து அந்தக் காப்பைக் குறைக்கிறது என்பதால், ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் ஆபத்து நீங்குவதில்லை. வயிற்றுக்கு இதமானது என்று சொல்லப்பட்ட ரோஃபெகாக்சிப் என்ற வலி மருந்து, மாரடைப்பு அபாயம் காரணமாக 2004இல் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

புண் ஆறிய பின், மருத்துவர் முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல்லையே முதலில் தடவச் சொன்னார். அது போதாத நாள்களில் மட்டும், காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் எடுத்துக்கொண்டு, அவர் சொன்ன நாள் கணக்குக்குள் மாத்திரை சாப்பிடுகிறேன். இரத்த அழுத்தத்துக்காக நான் எடுக்கும் டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் இதனுடன் சேரும்போது சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடுவதில்லை. வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றும் நாளில் வலி மாத்திரையைத் தொடுவதே இல்லை.

கடைகளில் நான்கு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருகிறார்கள். பெயர் அச்சிட்ட பகுதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் தெரியும் துண்டைத்தான் இப்போது கேட்டு வாங்குகிறேன்; இல்லையென்றால் முழு அட்டையாகவே வாங்கிவிடுகிறேன்.