முதல் பரிசு பேரட். எனக்கு இரண்டாம் பரிசு போதும்

நான் போன துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஒரு குலுக்கல் சீட்டு விற்கிறார்கள், முதல் பரிசு பேரட் எம்82ஏ1 என்ற ராட்சத ரைஃபிள். அதை வாடகைக்கு எடுத்துச் சுடலாமா என்று கேட்டால், தாராளமாக. சொந்தமாக வாங்கலாமா என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கட்டும் என்பேன்.

நான் சுட்டது டெக்சஸில், சான் அன்டோனியோவுக்கு வடக்கே உள்ள ஒரு திறந்தவெளி ரேஞ்சில். ஐந்து தோட்டா, ஒரு அலுவலர் பக்கத்திலேயே இருப்பார், அதற்கு ஒரு கட்டணம். ஐந்துக்கு மேல் எதற்கு என்று சுட்டு முடித்ததும் புரிந்துவிடும்.

முதலில் தோட்டாவைக் கையில் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர் நீளம். உள்ளங்கையில் குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முதல் உலகப் போரின் முடிவில் ஜான் பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிக்காக உருவாக்கிய .50 பிஎம்ஜி (பிரௌனிங் மெஷின் கன்) தோட்டா இது. அதைத் தோளில் வைத்துச் சுடும் ரைஃபிளுக்குள் கொண்டுவந்த ரானி பேரட் துப்பாக்கித் தொழிலில் இருந்தவரே இல்லை, டென்னசியில் புகைப்படக்காரராக இருந்தவர். மாடல் பெயரில் இருக்கும் 82, 1982ஐக் குறிக்கிறது. டென்னசி 2016இல் பேரட் ரைஃபிளை மாநில ரைஃபிளாகவே அறிவித்துவிட்டது. கலிபோர்னியாவிலோ 2005 முதல் .50 பிஎம்ஜி ரைஃபிளைப் பொதுமக்கள் புதிதாக வாங்கவே முடியாது. ஒரே நாடுதான்!

என்னுடன் வந்த தம்பி மதுரைக்காரர், மெரினாவில் பலூன் சுட்டதோடு சரி. "அண்ணே, தோள் கழண்டுடுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கழலாது. துப்பாக்கியே சுமார் 14 கிலோ. சுடும்போது குழல் சற்றுப் பின்னால் நகர்ந்து அதிர்ச்சியில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. முனையில் அம்புத்தலை வடிவில் இருக்கும் மசில் பிரேக் வெடிவாயுவைப் பக்கவாட்டில் பின்னோக்கித் தள்ளுகிறது. அதனால் தோளில் விழுவது சுருக்கென்ற உதையாக இல்லை, ஒரு நீண்ட தள்ளல்தான். இதைவிட லேசான 12 கேஜ் ஷாட்கன்னில் எனக்குத் தோள் கன்றிப்போயிருக்கிறது.

கஷ்டம் தோளுக்கு இல்லை, முகத்துக்கு. காதுக்குள் நுரை அடைப்பான், அதன்மேல் இயர்மஃப், இரண்டும் கட்டாயம். அப்படியும் அந்த அடி மூக்கின் எலும்பில் உணர்கிறது. துப்பாக்கியைத் தாங்கும் இரட்டைக் காலான பைபாடின் கீழே விரித்திருந்த பாயைத் தாண்டி இரண்டு பக்கமும் மண் எழும்பி, அடுத்த குறி பார்ப்பதற்குள் ஸ்கோப் கண்ணாடியில் தூசி படிந்துவிட்டது. பக்கத்து மேசையில் சின்ன .22 துப்பாக்கியில் நிதானமாகக் காகித இலக்கைச் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் நாங்கள் முடிக்கும்வரை காபி குடிக்கப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. புதிதாகச் சுடுபவர்களுக்கு ஒன்று: ஸ்கோப்பில் கண்ணை ஒட்டி வைக்காதீர்கள், புருவம் கிழியும்.

துல்லியம்? பெரிய இரும்புத் தட்டை அடிக்க எந்தக் குறையும் இல்லை. தட்டு ஆடுவதைப் பார்க்கும் சுகத்தையும் மறுக்க மாட்டேன். ஆனால் காகிதத்தில் ஒரே துளையாகப் போட ஆசைப்படுபவர்களுக்கு இது ஆகாது. ஒவ்வொரு முறையும் குழலே நகரும் அமைப்பில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. விலையோ ஒன்பதாயிரம் டாலரை ஒட்டி. அதைக்கூட ஒருமுறை கொடுத்துவிடலாம். தோட்டா ஒன்றுக்கே நான்கு டாலர் அளவில் ஆகிறதே! யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

சரி, குலுக்கலுக்கு வருவோம். அதே ரேஞ்சின் கல்லாவில் வட்டாரத் தன்னார்வத் தீயணைப்புப் படையின் குலுக்கல் சீட்டு விற்கிறார்கள். சீட்டு 20 டாலர், மொத்தம் ஆயிரம் சீட்டுதான். முதல் பரிசு இந்தப் பேரட். இரண்டாவது, டிக்கா டி3எக்ஸ் ரைஃபிள், 6.5 கிரீட்மூர் என்ற தோட்டாவைச் சுடுவது. நான் சீட்டு வாங்கும்போது முதலில் பார்ப்பது அந்த 'மொத்தம்' என்ற எண்ணைத்தான். எத்தனை சீட்டு என்று போடாத குலுக்கலில் நம் வாய்ப்பு என்ன என்று கணக்குப் போடவே வழியில்லை. இங்கே கணக்கு நேரானது: எல்லாம் விற்றால் இருபதாயிரம், பரிசுக்குச் சுமார் பாதி, மிச்சம் தீயணைப்பு வண்டிக்கும் குழாய்க்கும்.

ஜெயித்தால் ரைஃபிளை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. உரிமம் பெற்ற கடைக்குப் போய் துப்பாக்கி வாங்குபவர்களுக்கான 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். பரிசின் சந்தை மதிப்பு உங்கள் வருமானமாகக் கணக்காகும், வரி உண்டு. பரிசுக்குப் பதில் பணம் கேட்டாலும் கிடைக்காது, டெக்சஸில் தொண்டுக் குலுக்கலில் ரொக்கத்தைப் பரிசாகக் கொடுக்கக் கூடாது. சீட்டு வாங்கிய 20 டாலரை நன்கொடை என்று வரியில் கழிக்கவும் முடியாது.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. அந்த மதுரைத் தம்பி வேட்டை உரிமம் எடுத்துக்கொண்டுதான் வந்தார். கல்லாவில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

எனக்கு அந்த இரண்டாம் பரிசின் மேல்தான் கண். டிக்கா பின்லாந்தில் சாக்கோ ஆலையில் செய்வது. லைட் மாடல் மூன்று கிலோவுக்குள்தான். தோட்டாவை ஏற்றும் போல்ட்டை இழுத்துத் தள்ளினால் எங்கேயும் உரசாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. கடையில் சும்மா இழுத்துப் பார்ப்பதற்கே ஒரு கூட்டம் நிற்கும். 6.5 கிரீட்மூர் 2007இல் ஹார்னடி நிறுவனம் தூர இலக்குப் போட்டிகளுக்காகக் கொண்டுவந்த தோட்டா. அதன் இயக்க ஆற்றலைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் .50 பிஎம்ஜியில் இருக்கிறது. ஆனால் காகிதத்தில் துளை போட அவ்வளவு எதற்கு? ஒரு பெட்டி முழுக்கச் சுட்டாலும் தோள் வலிக்காது, மறுநாள் அலுவலகத்தில் காது இரையாது. எது ஐந்து தோட்டாவோடு அலுத்துப்போகும், எதைப் பத்து வருடம் கழித்தும் வெளியே எடுப்போம் என்று பார்த்தால், என் ஓட்டு டிக்காவுக்கு.

அமெரிக்காவில் விற்கும் ரைஃபிளிலும் தோட்டாவிலும் 11 சதவீத வரி உள்ளே இருக்கிறது. 1937இல் வந்த சட்டப்படி அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. ஆக, பேரட்டுக்குத் தீனி போட்டால் கூடவே மானுக்கும் கொஞ்சம் போகும்.

ரேஞ்சுக்கு ஐந்தில் நான்கு கொடுக்கலாம். பாதுகாப்பு விளக்கம் பொறுமையாகச் சொல்கிறார்கள், கேள்வி கேட்டால் முகம் சுளிப்பதில்லை. நிழற்கூரை மட்டும் மேற்கே திறந்திருக்கிறது, மதியத்துக்கு மேல் போனால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். காலையிலேயே போய்விடுங்கள். குலுக்கல் சீட்டுக்குக் கார்டு வாங்குவதில்லை, ரொக்கம் எடுத்துக்கொண்டு போங்கள்.