கோ தாவோவில் ஸ்கூட்டர் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தாய்லாந்துத் தீவுகளுக்கு முதுகுப்பையோடு கிளம்புகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும்போது உங்கள் பாஸ்போர்ட்டைக் கடையில் கொடுக்காதீர்கள். நானும் என் கணவரும் கொடுத்தோம். 6,000 பாட் போனது. நம் பணத்தில் ஏறக்குறைய 15,000 ரூபாய். இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் என்று கணக்குப் போட்டுக் கிளம்பியவர்கள் நாங்கள். ஐந்து நாள் செலவை ஒரே மதியத்தில் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

பாங்காக்கில் நாங்கள் ஏமாறவில்லை. கிராண்ட் பேலஸ் மதில் ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது, நன்றாக உடுத்திய ஒருவர் அருகில் வந்து, "இன்று பூஜை, மதியம் வரை அரண்மனை திறக்காது, அதுவரை 20 பாட் கொடுத்து டுக் டுக் ஆட்டோவில் ஊர் சுற்றிப் பாருங்கள்" என்றார். அந்த டுக் டுக் கடைசியில் ரத்தினக்கல் கடையில்தான் போய் நிற்கும் என்று படித்திருந்தோம். கும்பிட்டுவிட்டு நடந்தோம். அரண்மனை திறந்துதான் இருந்தது. இதை வைத்து, இந்த ஊர் வித்தையெல்லாம் நமக்குத் தெரியும் என்று ஒரு தைரியம் வந்துவிட்டது. முதுகுப்பைப் பயணிகள் கூடும் காவோ சான் சாலையில் மலிவு விலை பஸ் டிக்கெட்டையும் வேண்டாம் என்றோம். இரவில் அடித்தட்டில் போடும் பைகளிலிருந்து பணம் காணாமல் போகும் என்று பலர் எச்சரித்திருந்தார்கள். ரயிலில் படுக்கை போட்டுச் சும்போன் போய், அங்கிருந்து படகில் கோ தாவோ. அதுவரை ஒரு குறையும் இல்லை.

கோ தாவோ சின்னத் தீவு. 'தாவோ' என்றால் ஆமை. சுமார் 21 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் முழுக்க மேடும் பள்ளமும். சில ஏற்றங்களில் வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிவிடுமோ என்று பயமாக இருக்கும். வளைவுகளில் மணல். சாய்ரீ கடற்கரையில் கட்டுப் போட்ட முழங்காலோடு வெள்ளைக்காரப் பிள்ளைகள் நொண்டிக்கொண்டு போவதைத் தினமும் பார்த்தோம். நாங்கள் பத்திரமாகத்தான் ஓட்டினோம். ஒரு இடத்தில்கூட வண்டி சாயவில்லை.

மே ஹாத் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு கடை. நாளுக்கு 200 பாட். கடைக்காரர் சிரித்த முகம். பாஸ்போர்ட்டை வாங்கி மேசை டிராயரில் போட்டார். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டோம். அப்புறம் பேச்சுவாக்கில், "எப்போது கிளம்புகிறீர்கள், எந்தப் படகு?" என்று கேட்டார். அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்து, மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிப் படகில் பக்கத்துத் தீவான கோ பாங்கன் போகிறோம் என்று சொன்னோம். அந்தக் கேள்வி எதற்கு என்பது மூன்றாம் நாள்தான் புரிந்தது.

அன்று காலை பத்து மணிக்கே வண்டியைக் கொண்டு போனோம். கடை பூட்டியிருந்தது. பக்கத்தில் விசாரித்தால் மதியம் வருவார் என்றார்கள். இரண்டேகாலுக்கு வந்தார். வண்டியைச் சும்மா பார்க்கவில்லை. நல்ல வெயிலில் டார்ச் எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். ஃபுட்போர்டுக்கு அடியில், நாம் குப்புறப் படுத்துப் பார்த்தால் ஒழியத் தெரியாத இடத்தில், நகத்தை வைத்து ஓட்டினார். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு. இன்னொன்று சைலன்சர் பக்கம்.

உடனே உள்ளே போய் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு விலைப்பட்டியலைக் கொண்டு வந்தார். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தொகை. கீறலுக்குப் பெயின்ட் அடிக்கும் கூலி அல்ல, முழு பேனலையும் மாற்றும் விலை. அதோடு வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களுக்கும் வாடகை. மொத்தம் 14,500 பாட்.

"ஏங்க, இது நாங்க போட்ட கோடு இல்லைங்க, உள்ளுக்குள்ள அழுக்கு ஏறியிருக்கு பாருங்க" என்றேன். உண்மையில் அந்தக் கோட்டுக்குள் கறுப்பாகப் பழைய கிரீஸ் படிந்திருந்தது. அதைக் காட்டினோம். நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளை அவர் காட்டினார். வண்டி புது நிலையில் பெறப்பட்டது என்று அதில் ஒரு வரி. நாங்கள் எடுத்திருந்த நாலு போட்டோவிலும் மேல்பக்கம்தான் இருந்தது. படகுக்கு நேரம் ஆகிறது, பாஸ்போர்ட் அவர் டிராயரில். நியாயம் பேச நமக்கு என்ன இருக்கிறது?

டூரிஸ்ட் போலீஸ் எண் 1155. அதற்கு அடித்தேன். ஆங்கிலத்தில் பொறுமையாகப் பேசினார்கள், கடைக்காரரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்கள். என்ன பேசினார்களோ, அதன் பிறகு தொகை இறங்க ஆரம்பித்தது. 6,000 பாட் என்று நின்றுவிட்டது. கொடுத்து பாஸ்போர்ட்டை வாங்கினோம். அதற்குள் படகும் போய்விட்டது.

இரவு துறைக்குப் பக்கத்திலேயே தங்கி, மறுநாள் காலைப் படகுக்கு நடந்து போகும்போது அந்தக் கடையைத் தாண்ட வேண்டியிருந்தது. வாசலில் எங்கள் வண்டி நின்றது. அதே நம்பர். குனிந்து பார்த்தேன், அடியில் அதே கோடு. பேனலை யாரும் மாற்றவில்லை. முதுகுப்பையோடு ஒரு சின்னப் பெண் கையில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் அந்தக் கோட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

எல்லாக் கடையும் இப்படி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். கோ பாங்கனில் நாங்கள் தங்கிய விடுதி அம்மாவிடமே வண்டி இருந்தது. பாஸ்போர்ட் நகலும் 3,000 பாட் டெபாசிட்டும் போதும் என்றார். நான் போனை எடுத்ததும் அவரே வண்டியைச் சாய்த்துப் பிடித்து அடிப்பக்கத்தைக் காட்டினார். கடைக்காரரும் படத்தில் தெரிகிற மாதிரி, ஃபுட்போர்டு அடி, மட்கார்டு, கண்ணாடி, சைலன்சர், சக்கர விளிம்பு எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டுக்குப் பதில் பணமாக டெபாசிட் வாங்க மறுக்கும் கடை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். எந்தப் படகு என்று கேட்டால் இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொல்லுங்கள். வண்டியைக் கிளம்பும் நாளுக்கு முந்தின நாளே விட்டுவிடுங்கள்.

இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டை ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு போங்கள், அதில் இருசக்கர வாகனத்துக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீட்டில் பணம் கிடைப்பது கஷ்டம். நம் பாஸ்போர்ட் சட்டப்படி இந்திய அரசின் சொத்து. தொலைந்தால் பாங்காக்கில் சுகும்வித் சாலையின் 23வது சோயில் (சந்தில்) இருக்கும் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். தீவிலிருந்து அங்கே போவதற்கே படகும் ராத்திரி ரயிலுமாக ஒரு நாள் ஆகிவிடும்.