எலும்புக்குள் ஆறு நிமிடச் சூடு: டர்பனில் மகனுக்குச் செய்த சிகிச்சை

வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சேட்ஸ்வொர்த் பகுதியில். மகனுக்கு 14 வயது. எட்டு மாதமாக ராத்திரி இரண்டு மணியானால் வலது முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவான். ஐபுப்ரோஃபென் வலி மாத்திரை ஒன்று போட்டால் அரை மணியில் குறட்டை. முதலில் பார்த்த டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வளர்ச்சி வலி" என்று அனுப்பிவிட்டார். வளர்ச்சி வலியென்றால் இரண்டு காலும் அல்லவா வலிக்க வேண்டும்? ஆயா (அவன் பாட்டி) உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவன் பாதி வழியில் நொண்டியதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது எலும்பு டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எந்த மாத்திரைக்கு அடங்குகிறது?" என்பதுதான். சிடி ஸ்கேனில் தெரிந்துவிட்டது. தடித்த எலும்புக்கு நடுவே பட்டாணியைவிடச் சின்னதாக ஒரு கருவட்டம். ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா என்ற சின்ன எலும்புக் கட்டி. புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. அந்தப் பொட்டு, வலியைத் தூண்டும் ப்ராஸ்டகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும். ஐபுப்ரோஃபென் அதைத்தான் அடக்குகிறது. சுற்றியுள்ள எலும்பு தடித்து மறைத்துவிடுவதால் எக்ஸ்ரேயில் தப்பிவிடுமாம். சரி, முதல் டாக்டரை அதற்குமேல் திட்டவில்லை.

இனி சிகிச்சை. பெயர் ரேடியோ அலை நீக்கம். பையனை முழுமயக்கத்தில் படுக்க வைத்து, சிடி பார்த்தபடியே எலும்பைத் துளைத்து, கட்டியின் நடுவில் ஊசி முனையை நிறுத்துகிறார்கள். பரிசோதனைக்குத் துளி எடுத்துக்கொண்டு, ரேடியோ அலையால் முனையை 90 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, கட்டி வெந்துபோக ஆறு நிமிடம். அவ்வளவுதான். விளக்கிச் சொன்னதும் ஆயா, "எங்க ஊரிலும் மாட்டுக்குச் சூடு போடுவோம், இதற்கா இவ்வளவு படிப்பு?" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலை ஒட்டியே இருப்பதால் தோல் வெந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே பெரிய வேலை என்றும் சொன்னார்.

காலையில் போனோம், சாயங்காலம் நடந்தே கார் ஏறினான். காயம் ஒரு பிளாஸ்டர் அளவு. அன்று ராத்திரி இரண்டு மணிக்கு நான்தான் விழித்துக் கிடந்தேன். அவன் புரளக்கூட இல்லை.

குறையென்றால் காகிதம்தான். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) ஒப்புதலுக்கு மூன்று வாரம், ஒரே படிவம் இரண்டு தடவை. மயக்க டாக்டரின் பில் தனியாக வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நீங்கள் போவதாக இருந்தால் அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சிலருக்குத் திரும்பி வருமாம், அப்போது மறுபடி ஊசி. கால்பந்துக்கு மூன்று மாதம் தடை போட்டிருக்கிறார்கள். துளைத்த இடம் கெட்டியாக வேண்டுமே. அதற்குத்தான் வீட்டில் இப்போது தினம் சண்டை.